மருந்து மலிவு, மணிநேரம்தான் செலவு

நேயர்களுக்கு வணக்கம்.

மாயக்காளான் என்றதும் பலருக்குக் கொடைக்கானல்தான் ஞாபகம் வரும். அந்தக் கள்ளச் சரக்கைப் பற்றி நான் பேசவரவில்லை. அந்தக் காளானில் உள்ள சிலோசைபினையும், எக்ஸ்டசி என்ற பெயரில் போதைக்காக விற்கப்படும் எம்டிஎம்ஏ, மயக்க மருந்தான கெட்டமின் ஆகியவற்றையும் மனநோய்க்குச் சிகிச்சையாக்கி விற்க அமெரிக்காவில் ஒரு தொழிலே கிளம்பியிருக்கிறது. அதில் காசு எங்கே செலவாகிறது, எங்கே மிச்சம் பிடிக்கப் பார்க்கிறார்கள் என்று கணக்குப் போட்டாலே பாதி அறக்கேள்விகள் தாமாக வெளியே வந்துவிடும்.

எம்டிஎம்ஏ-வை எடுத்துக்கொள்வோம். போர், பாலியல் வன்முறை போன்ற கொடுமைகளுக்குப் பிறகு வரும் பிடிஎஸ்டி என்ற மனப் பாதிப்புக்கு லைக்கோஸ் நிறுவனம் இதைச் சோதித்தது. மருந்து கொடுக்கும் அமர்வுகள் 3, ஒவ்வொன்றும் சுமார் 8 மணி நேரம். முதலில் 80 அல்லது 120 மில்லிகிராம். ஒன்றரை, இரண்டு மணி நேரம் கழித்து அதில் பாதி. மருந்தில்லாத பேச்சு அமர்வுகள் 12, தலா ஒன்றரை மணி நேரம். எல்லாவற்றிலும் இரண்டு சிகிச்சையாளர்கள். 24-ம் 18-ம் 42; இருவருக்குச் சேர்த்து 84 மணி நேரம். இத்தனையும் ஒரே நோயாளிக்கு.

மருந்தோ 1914-லேயே ஜெர்மனியின் மெர்க் நிறுவனம் காப்புரிமை வாங்கிய பழைய பொருள்; தயாரிக்கும் செலவு அற்பம். ஆகவே முதலீட்டாளர் செலவைக் குறைக்கச் சொன்னால், கத்தி விழுவது மனித நேரத்தின்மேல்தான். இரண்டாவது ஆள் எதற்கு? எட்டு மணி நேரம் எதற்கு? வீட்டிலேயே எடுத்துக்கொள்ளட்டுமே?

கெட்டமினில் இந்த மூன்றாவது கேள்விக்கு ஏற்கெனவே பதில் சொல்லிவிட்டார்கள். 1970-ல் மயக்க மருந்தாக அனுமதி பெற்ற இதன் காப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டது. மனச்சோர்வுக்கு, உடல் எடையில் கிலோவுக்கு அரை மில்லிகிராம் என்று 40 நிமிடம் டிரிப்ஸில் ஏற்றுவது வழக்கம். ஜான்சன் அண்ட் ஜான்சன் கெட்டமினில் கலந்திருக்கும் இரண்டு கண்ணாடிப் பிம்ப வடிவங்களில் ஒன்றான எஸ்கெட்டமினை மூக்கு ஸ்பிரேயாக்கி 2019-ல் அனுமதி வாங்கியது. அளவு 56 அல்லது 84 மில்லிகிராம், முதல் நான்கு வாரம் வாரத்துக்கு இரண்டு முறை. ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும், குறைந்தது 2 மணி நேரம் கண்காணிப்பில் வைக்க வேண்டும், அன்று வண்டி ஓட்டக் கூடாது. விலை அதிகம்தான், ஆனால் காவலும் உண்டு.

பக்கத்திலேயே இன்னொரு கடை நடக்கிறது. வீடியோ அழைப்பில் ஒரு பேச்சு, பிறகு தபாலில் வாயில் கரையும் கெட்டமின் வில்லைகள். ரத்த அழுத்தம் எகிறினாலோ மூச்சு தளர்ந்தாலோ பக்கத்தில் யார்? இப்படி மருந்தகங்களே கலந்து தயாரித்து விற்கும் கெட்டமின் குறித்து 2023 அக்டோபரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ எச்சரிக்கை விட்டது. அடிக்கடி எடுத்தால் சிறுநீர்ப்பை புண்ணாகும்; முற்றினால் சுருங்கியும் போகும். மாதச் சந்தாவில் ஓடும் வியாபாரத்துக்கு வேண்டியது அடுத்த டோஸ். சிறுநீர்ப்பைக்கு வேண்டியது இடைவெளி.

சரி, இரண்டாவது ஆள் விஷயத்துக்கு வருவோம். எம்டிஎம்ஏ உள்ளே போனவர் எதிரில் இருப்பவரை எளிதில் நம்புவார். அந்த நேரத்தில் அவர் சொல்லும் "சரி"-யைச் சம்மதமாக எடுக்க முடியாது. அதனால்தான் ஒருவரை ஒருவர் கவனிக்க இரண்டு பேர். ஆனால் கனடாவில் நடந்த ஒரு சோதனையில் அந்த இருவரும் கணவன் மனைவி. கண்கட்டிய நோயாளியை அணைத்துப் படுத்திருந்தது காணொளியிலேயே பதிவாகியிருந்தது. யாரும் காலத்தில் பார்க்கவில்லை. பதிவு செய்தால் போதாது, வெளியாள் ஒருவர் சம்பளம் வாங்கிக்கொண்டு அதைப் பார்க்க வேண்டும். அதுவும் மணிக்கணக்கில் செலவு வைக்கும் வேலைதான்.

2024 ஜூனில் எஃப்டிஏ-வின் ஆலோசனைக் குழுவில் 11 பேரில் 10 பேர், லைக்கோஸின் எம்டிஎம்ஏ சிகிச்சையின் பயன் ஆபத்தைவிட அதிகம் என்று நிரூபிக்கப்படவில்லை என வாக்களித்தார்கள். ஆகஸ்டில் விண்ணப்பம் திரும்பியது. தனக்குக் கிடைத்தது மருந்தா வெற்றுமாத்திரையா என்று பெரும்பாலோர் கண்டுபிடித்துவிட்டது ஒரு பெரிய சிக்கல். கனடா விவகாரமும் சேர்ந்துகொண்டது.

காப்புரிமைச் சண்டையை நான் இரண்டாம் இடத்தில்தான் வைப்பேன். கம்பாஸ் நிறுவனம் சிலோசைபினின் ஒரு படிக வடிவத்துக்குக் காப்புரிமை பெற்றது. சிகிச்சை அறையின் மென்மையான இருக்கை, கையைப் பிடித்து ஆறுதல் தருவது வரை விண்ணப்பத்தில் உரிமை கோரியது பலரைக் கொதிக்க வைத்தது. மஞ்சளுக்கு அமெரிக்காவில் கொடுத்த காப்புரிமையை 1997-ல் ரத்து செய்ய வைத்த நமக்கு இது புதிதல்ல. பழைய ஆவணங்களைத் தேடி எடுத்துக் காட்டுவதுதான் இதற்கும் வழி. மெக்சிகோவின் மசாதெக் பழங்குடி மக்களுடைய கதை வேறு. அவர்களுடைய சடங்குக் காளான் 1957-ல் லைஃப் பத்திரிகையில் வந்தது. 1958-ல் சுவிஸ் மருந்து நிறுவனமான சான்டோஸின் ஆய்வகத்தில் ஹாஃப்மன் அதிலிருந்து சிலோசைபினைப் பிரித்தெடுத்தார். இன்று ஆலையில் செயற்கையாகத் தயாரிப்பதால், "உங்கள் காளானை நாங்கள் தொடவேயில்லை" என்று நிறுவனங்கள் கைகழுவ முடிகிறது.

கடைசியாக ஆரெகன் மாநிலம். 2020-ல் மக்கள் வாக்களித்து, 2023-ல் சிலோசைபின் மையங்கள் திறந்தன. மருத்துவர் சீட்டு தேவையில்லை, 21 வயது போதும், ஒரு அமர்வில் 50 மில்லிகிராமுக்கு மேல் கூடாது. தொடுவதென்றால் முன்கூட்டியே எழுத்தில் சம்மதம் வேண்டும். அதுவும் அணைப்பு, கை, பாதம், தோள் மட்டும். நல்ல விதி. ஆனால் மைய உரிமத்துக்கு ஆண்டுக்கு 10,000 டாலர், அமர்வில் உடன் இருந்து வழிநடத்துபவரின் உரிமத்துக்கு 2,000. மத்திய சட்டப்படி இன்னும் தடைப்பொருள் என்பதால் வாடகை, சம்பளத்தைக்கூட வருமான வரியில் கழிக்க முடியாது, காப்பீட்டு நிறுவனமும் பணம் தராது. ஒரு அமர்வு ஆயிரம் டாலரைத் தாண்டிப் போவதற்கு இதுவும் காரணம். ஏழைக்கு இடமில்லை.

அங்கே முன்பே கேட்கும் கேள்விகளில் மூன்று முக்கியம்: கடந்த 30 நாளில் லித்தியம் என்ற மனநோய் மருந்தை எடுத்தீர்களா, உங்களையோ பிறரையோ காயப்படுத்தும் எண்ணம் இருக்கிறதா, சைக்கோசிஸ், அதாவது நிஜம் எது பிரமை எது என்று தெரியாமல் போகும் மனநிலை, இருந்ததா. ஆம் என்றால் அனுமதி இல்லை. லித்தியத்தோடு சிலோசைபின் சேர்ந்தால் வலிப்பு வந்ததாகப் பதிவுகள் உண்டு. இந்தக் கேள்விகளைக் கேட்பவருக்கே அமர்வு நடந்தால்தான் கூலி என்று வைத்தால், "போய் வாருங்கள்" என்று சொல்ல அவருக்கு எப்படி மனம் வரும்? தகுதி பார்ப்பவருக்கு மாதச் சம்பளம் கொடுங்கள், அமர்வுக் கமிஷன் வேண்டாம். திருப்பி அனுப்பப்படுபவருக்கு முன்பணத்தை முழுதாகத் திருப்பிக் கொடுங்கள். ஆயிரம் டாலரைக் கட்டிவிட்டு வந்தவர், பணம் போய்விடும் என்றால் லித்தியத்தைப் பற்றி வாயே திறக்கமாட்டார்.

வணக்கம்.