இங்கிலீஷ் டீச்சர் நல்லா எடுக்குறாங்களா? டீச்சரப் பாக்காதீங்க, பசங்களக் கேளுங்க

(திரையில்: ஒரு கிளாஸ்ரூம். கடைசி பெஞ்ச்ல கையில ஃபார்மோட ஒருத்தர்.)

அப்சர்வேஷன் அன்னைக்கு, அதாவது டீச்சர் எப்படி எடுக்குறாங்கன்னு ஒருத்தர் வந்து பாத்து மார்க் போடுற அன்னைக்கு, ஒரு கிளாஸ் எப்படி இருக்கும்னு உங்களுக்கே தெரியும். போன வாரம் முடிச்ச பாடமே திரும்ப ஓடும், பதில் தெரிஞ்ச நாலு பேர் மட்டும் கை தூக்குவாங்க, எப்பவும் வராத சார்ட் பேப்பர் எல்லாம் சுவத்துக்கு வந்துரும். பின்னாடி உக்காந்திருக்கவர் குரல் தெளிவா இருக்கு டிக், போர்டு நீட்டா இருக்கு டிக், கிளாஸ் கன்ட்ரோல் டிக், கடைசில "குட், கீப் இட் அப்"னு எழுதி கையெழுத்து போட்டுட்டு டீ குடிக்கப் போயிருவார்.

அந்த ஃபார்ம்ல பொய் எதுவும் இல்ல. ஆனா ஒண்ணு கவனிச்சீங்களா, அதே ஃபார்ம எடுத்துட்டுப் போய் கணக்கு டீச்சருக்கும் போடலாம், வரலாறு டீச்சருக்கும் போடலாம், ஏன்னா அதுல இங்கிலீஷப் பத்தி ஒரு வரி கூட கிடையாது. இங்கிலீஷ் கிளாஸ்ல பாக்க வேண்டியது பசங்க வாயில இருந்து என்ன வருது, எவ்ளோ வருதுங்கறததான். கிராமர் ரூல் நோட்டு ஃபுல்லா இருக்கும், ரெண்டு வரி பேசச் சொன்னா தொண்டைய விட்டு வராது, ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாதுன்னு சும்மாவா சொன்னாங்க.

சரி, அப்ப எப்படி அளக்குறது? முதல்ல யார் பேசுறாங்கன்னு எண்ணுங்க. நெட் ஃப்ளாண்டர்ஸ்னு ஒரு அமெரிக்க ஆராய்ச்சியாளர் 1960-கள்லயே இதுக்கு ஒரு முறை வச்சிருந்தார். 3 செகண்டுக்கு ஒரு தடவ கிளாஸ்ல என்ன நடக்குதுன்னு ஒரு நம்பர் எழுதணும், மொத்தம் 10 வகை, அதுல 7 டீச்சர் பேசுறதுக்கு, 2 பசங்க பேசுறதுக்கு, 1 அமைதி இல்லன்னா குழப்பம். 10-ல 7 டீச்சருக்கேன்னா நிலைமை எப்படி இருந்திருக்கும்னு பாத்துக்கோங்க! நிமிஷத்துக்கு 20 குறிப்பு, 10 நிமிஷத்துக்கு 200. நீங்க இவ்ளோ கஷ்டப்பட வேண்டாம், ஃபோன டேபிள்ல வச்சு ரெக்கார்ட் பண்ணிட்டு, அப்பறமா கேக்கும்போது டீச்சர் குரலுக்கு ஒரு கோடு, பசங்க குரலுக்கு ஒரு கோடு, அவ்ளோதான்.

இப்ப ஒரு சின்ன கணக்கு. 40 நிமிஷ கிளாஸ், 40 பசங்க. டீச்சர் 30 நிமிஷம் பேசிட்டாங்க. மிச்சம் 10 நிமிஷத்த 40 பேருக்குப் பிரிச்சா ஆளுக்கு 15 செகண்ட். அதுவும் சமமா பிரிச்சாதான், நிஜத்துல முன் பெஞ்ச்ல இருக்க அந்த நாலு பேரே எல்லாத்தையும் எடுத்துக்குவாங்க. அதே 10 நிமிஷத்த ரெண்டு ரெண்டு பேரா பேச விட்டா? ஒரே நேரத்துல 20 பேர் பேசுறாங்க, ஆளுக்கு கிட்டத்தட்ட 5 நிமிஷம். சத்தம் வரும்தான், பக்கத்து கிளாஸ் மிஸ் எட்டிப் பாப்பாங்கதான். ஆனா பழைய ஃபார்ம்ல "கிளாஸ் கன்ட்ரோல்"ல மார்க் போறது இந்த சத்தத்துக்குத்தான், அதான் எனக்குக் கடுப்பு.

இதக் கேட்டுட்டு டீச்சர் வாயே திறக்கக் கூடாது போலன்னு நினைச்சிராதீங்க. ஆரம்ப நிலைல இருக்க பசங்களுக்கு டீச்சர் பேசுற இங்கிலீஷ்தான் காதுல விழற ஒரே இங்கிலீஷா கூட இருக்கலாம். டீச்சர் கதை சொல்றது வேற, இன்ஸ்ட்ரக்ஷன நாலு தடவ திருப்பித் திருப்பி சொல்றது வேற. நான் என் கிளாஸ முதல் தடவ ரெக்கார்ட் பண்ணிக் கேட்டப்ப நிமிஷத்துக்கு ஒரு "ஓகே? அண்டர்ஸ்டாண்ட்?" வந்துச்சு, பசங்களும் ஒரே ராகத்துல "யெஸ்ஸ் மிஸ்ஸ்". அதுல என்ன தெரியுது? ஒண்ணும் தெரியல. புரியாதவனும் அதே ராகத்துலதான் சொல்றான். அதுக்குப் பதிலா "ஹி யூஸ்ட் டு ஸ்மோக்"னு ஒரு வாக்கியம் எடுத்தா, இப்ப சிகரெட் குடிக்கிறாரா, முன்னாடி குடிச்சாரா, ஒரு தடவையா பல தடவையான்னு குட்டிக் குட்டியா கேட்டா போதும், யாருக்குப் புரியலன்னு உடனே மாட்டிக்கும்.

அடுத்தது கேள்வி கேட்டுட்டு எவ்ளோ நேரம் காத்திருக்காங்க. மேரி பட் ரோன்னு ஒரு அமெரிக்க ஆராய்ச்சியாளர், இவங்க பாத்தது சயின்ஸ் கிளாஸ், 1970-கள்ல. டீச்சர்ஸ் சராசரியா ஒரு செகண்ட் கூட காத்திருக்கறது இல்லன்னு கண்டுபிடிச்சாங்க, அத 3 செகண்ட் ஆக்கினப்ப பசங்க பதில் நீளமாச்சு, பதிலே வராம போறது குறைஞ்சுது. அந்த சயின்ஸ் கிளாஸ் பசங்களுக்கே 3 செகண்ட் வேணும்னா, நம்ம பசங்க பதில யோசிச்சு, அத இன்னொரு மொழில மனசுக்குள்ள கோத்து, தப்பாப் போயிருமோன்னு பயந்து, அப்பறம்தான் வாயத் திறக்கணும். நீங்களே ட்ரை பண்ணிப் பாருங்க, கிளாஸ் முன்னாடி நின்னா 3 செகண்ட் மூணு நிமிஷம் மாதிரி இருக்கும்.

மூணாவது, தப்ப எப்படி திருத்துறாங்க. இதுதான் எனக்கு ரொம்பப் புடிச்ச ஏரியா. பையன் "ஐ கோ தேர் எஸ்டர்டே"ங்கறான், டீச்சர் "ஓ, யூ வென்ட் தேர் எஸ்டர்டே, குட்"னு சொல்லிட்டு அடுத்த ஆளுக்குப் போயிடுறாங்க. டீச்சர் திருத்திட்டாங்க, பையனுக்குக் கேட்டது கடைசில வந்த "குட்" மட்டும்தான். 1997-ல லிஸ்டர், ராண்டான்னு ரெண்டு பேர் கனடாவுல நாலு டீச்சர்ஸோட கிளாஸ்ல இத எண்ணிப் பாத்தாங்க, அது ஃப்ரெஞ்சு கிளாஸ்தான், ஆனா விஷயம் ஒண்ணுதான். திருத்தினதுல பாதிக்கு மேல, 55 சதவீதம், இந்த மாதிரி சரியா மாத்தி சொல்லிட்டுப் போறதுதான், அதுல பசங்க ஏதோ ஒரு விதத்துல பதிலுக்குப் பேசினது 31 சதவீதம். "ஐ... எஸ்டர்டே?"ன்னு பாதில நிறுத்தி அவங்க வாயில இருந்தே வர வச்சப்ப எல்லாத் தடவையும் பசங்க ஏதோ ஒண்ணு சொன்னாங்க, எல்லாம் சரியா சொல்லல, ஆனா முயற்சி பண்ணாங்க. மாத்தி சொல்றது வேஸ்ட்னு இதுக்கு அர்த்தம் இல்ல, பாதி பேச்சுல இருக்க பையன நிறுத்தாம போறதுக்கு அது தேவை. ஆனா ஒரு டீச்சர்கிட்ட அது ஒண்ணு மட்டும்தான் இருக்குன்னா அங்க வேலை இருக்கு.

எக்ஸாம் மார்க்க வச்சு சொல்லிடலாமேன்னு கேப்பீங்க. வீட்ல இங்கிலீஷ் பேசுற பசங்க எந்த செக்ஷன்ல இருக்காங்க, யாருக்கு ட்யூஷன் இருக்கு, போன வருஷம் யார் எடுத்தாங்க, இதெல்லாம் அந்த ஒரு நம்பருக்குள்ள கலந்து கிடக்கு. பசங்ககிட்ட "டீச்சருக்கு அஞ்சுக்கு எத்தன மார்க்"னு கேக்கறதும் சரிப்படாது, காலேஜ் லெவல்ல 2017-ல பல ஆய்வுகள ஒண்ணா சேத்துப் பாத்த ஒரு பெரிய தொகுப்பாய்வுல அந்த ரேட்டிங்குக்கும் ஸ்டூடண்ட்ஸ் கத்துக்கிட்டதுக்கும் கிட்டத்தட்ட சம்பந்தமே இல்லன்னு வந்துச்சு. பதிலா "இந்த வாரம் கிளாஸ்ல எத்தன தடவ ஒரு முழு வாக்கியம் பேசின?"னு கேளுங்க, அதுக்கு ஒரு எட்டாவது படிக்கிற பொண்ணு கரெக்டா பதில் சொல்லும்.

நேர்ல பாக்கறதுன்னா, ஒரே ஆள் ஒரே தடவ பாத்து மார்க் போடுறது நம்பற மாதிரி இல்ல. கேட்ஸ் ஃபவுண்டேஷன் பணத்துல அமெரிக்காவுல டீச்சர்ஸ எப்படி மதிப்பிடறதுன்னு ஆராய்ச்சி பண்ண மெட் ப்ராஜெக்ட்லயும் இதேதான், அதே ஆள் இன்னொரு பாடம் பாக்கறத விட வேற ஒரு ஆள் பாத்தா மதிப்பீடு அதிகமா நம்பகமாகுது. அதனால ரெண்டு தடவ பாக்கறதுன்னா ஒவ்வொரு தடவைக்கும் வேற வேற ஆள் போங்க.

(திரையில்: ரெண்டு நாற்காலி, நடுவுல ஒரு ஃபோன்.)

இப்ப முன்னேத்தறது. ஒரு நாள் வொர்க்‌ஷாப், சாப்பாடு, சர்டிஃபிகேட், திங்கக்கிழமை பழைய கிளாஸ். கூடவே ஒரு ஆள் கிளாஸுக்கு வந்து, பாத்து, பேசி, திரும்ப வந்து பாக்கற கோச்சிங்தான் கொஞ்சம் வேலை செய்யுது, 2018-ல 60 ஆய்வுகள சேத்துப் பாத்ததுல எடுக்கற விதம் நல்லாவே மாறிருக்கு, பசங்க மார்க்கும் கொஞ்சம் ஏறிருக்கு, ஆனா ப்ரோக்ராம் பெருசாக பெருசாக பலன் கம்மியாயிடுது.

கோச்சோட முதல் பேச்சு இப்படி இருந்தா போதும். "மேம், 10 நிமிஷத்துல பசங்க பேசின கோடு 18 வந்துருக்கு, உங்களுக்கு என்ன தோணுது?" "இவ்ளோ கம்மியா சார்? நான் நிறைய கேள்வி கேட்டேனே." "கேட்டீங்க மேம், 22 கேள்வி. இங்க ஒரு தடவ கேளுங்க." ரெக்கார்டிங்ல கேள்விக்கும் அடுத்த கேள்விக்கும் நடுவுல இடைவெளியே இல்ல. கோச் எதுவும் சொல்லத் தேவைல்ல, மேமே கண்டுபிடிச்சுருவாங்க. அடுத்த ரெண்டு வாரத்துக்கு கேள்வி கேட்டுட்டு 3 செகண்ட் காத்திருக்கறது மட்டும்தான் மேமோட வேலை, வேற எதையும் மாத்த வேண்டாம். ஒண்ணு மட்டும் பாத்துக்கோங்க, இன்கிரிமென்ட் முடிவு பண்றவரே கோச்சா வந்தா யாரும் தப்பக் காட்ட மாட்டாங்க, திரும்ப சார்ட் பேப்பர்தான் வரும்.

கூட வர ஆள் இல்லன்னா தனியாவே ஆரம்பிங்க. முதல் தடவ கேக்கும்போது சொந்தக் குரலே புடிக்காது, ஸ்டாப் பண்ணத் தோணும், எல்லாருக்கும் அப்படித்தான். ரெண்டாவது தடவ போடுங்க, உங்கள விட்டுட்டு பசங்க குரல மட்டும் கேளுங்க, மூணாவது பெஞ்ச் ஓரத்துல இருக்க அந்த அமைதியான பையன் எங்கயாவது வரானான்னு பாருங்க.