யாருக்க பாத்திரம் இது?

நேயர்களுக்கு வணக்கம்.

அலுவலகத்தில் எல்லோருக்கும் பொதுவாக வைத்திருக்கிற ஃபிரிட்ஜைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். இதில் பேச என்ன இருக்கிறது என்று சிலருக்குத் தோன்றலாம். பதவி உயர்வில் ஒருவரை ஒருவர் முந்தியபோதுகூட முகம் கோணாத இரண்டு பேர், ஒரு பாக்கெட் தயிருக்காக மாதக்கணக்கில் பேசாமல் இருந்ததை நான் பார்த்திருக்கிறேன். மார்த்தாண்டம், தக்கலை, நாகர்கோவில் என்று மாறி மாறி வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். போன இடமெல்லாம் ஒரு ஃபிரிட்ஜ் இருந்தது. அதைத் திறந்து பார்த்துவிட்டு "யாருக்க பாத்திரம் இது?" என்று யாராவது கேட்பதும் இருந்தது. பதில் மட்டும் வராது.

நம்ம கன்னியாகுமரி மாவட்டத்தில் இந்தப் பேச்சை மீனில்தான் தொடங்க வேண்டும். சாளைப் புளிமுளம், நெத்திலி அவியல், அயிலைக் கறி என்று ஏதாவது ஒன்று மதியச் சோற்றோடு வந்துவிடும். விசைப்படகுகளுக்கான தடைக்காலம்கூட நமக்கு ஒரே நேரத்தில் வருவதில்லை. சின்னமுட்டத்துக்குக் கிழக்குக் கடற்கரைக் கணக்கு, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. குளச்சலுக்கும் தேங்காய்ப்பட்டணத்துக்கும் மேற்குக் கடற்கரைக் கணக்கு, ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஜூன் தொடக்கத்தில் இரண்டு வாரம் இரண்டு பக்கமும் அடைப்பு. அப்போதும் நாட்டுப்படகு போகும், இல்லாவிட்டால் கருவாடு வந்து சேரும். ஆக, மீன் மணம் இல்லாத மாதம் என்று ஒன்று நம்ம ஊர் அலுவலக ஃபிரிட்ஜுக்கு வாய்க்கப் போவதில்லை.

இது பிடிக்காதவர்கள் உண்டு. அவர்களையும் குறை சொல்ல மாட்டேன். காலையில் வைத்த மோரில் மதியம் மீன் வாடை அடித்தால் யாருக்குத்தான் குடிக்க மனம் வரும்? ஆனால் அந்த வாடை எப்படி வந்தது என்று பாருங்கள். இப்போது பல அலுவலகங்களில் இருப்பது பனிக்கட்டி பிடிக்காத ஃபிராஸ்ட் ஃபிரீ வகை. உள்ளே ஒரு சின்ன மின்விசிறி குளிர்காற்றை மேலும் கீழும் சுற்ற விட்டுக்கொண்டே இருக்கும். மூடாமல் வைத்த எந்தப் பாத்திரத்தின் மணமும் அந்தக் காற்றோடு எல்லாத் தட்டுக்கும் போகும். கொழுப்புள்ள பொருள் அதைச் சட்டென்று இழுத்துக்கொள்ளும். அதனால்தான் பாலும் தயிரும் வெண்ணெயும் முதலில் கெட்ட பெயர் வாங்குகின்றன. இதில் தப்பு மீன் மேல் இல்லை, மூடியின் மேல். நம்ம எவர்சில்வர் சம்படத்தின் மூடி பலதும் சும்மா மேலே உட்கார்ந்திருக்கும், காற்றை அடைக்காது. ரப்பர் வளையம் வைத்த டப்பாவில் கொண்டு வந்தால் பக்கத்துத் தட்டில் பிச்சிப்பூ வைத்தாலும் ஒன்றும் ஆகாது. பிச்சிப்பூவைச் சும்மா சொல்லவில்லை. சாயங்காலம் கல்யாண வீட்டுக்குப் போக வேண்டியவர்கள் காலையிலேயே பூ வாங்கி, வாழையிலையில் பொதிந்து ஃபிரிட்ஜில் வைப்பது வழக்கம்தானே. அந்த மணம் பாலில் ஏறினால் காபியும் குடிக்க முடியாது. பூவுக்கும் மூடி வேண்டும்.

அதனால் 'மீன் கொண்டு வரக் கூடாது' என்று தாள் ஒட்டுகிற அலுவலகங்களோடு எனக்கு உடன்பாடில்லை. மூடாத எதையும் வைக்கக் கூடாது என்று ஒட்டட்டும், சாம்பாருக்கும் சேர்த்து. சைவம் மேல் தட்டு, அசைவம் கீழ்த் தட்டு என்று பிரித்துக்கொள்வது நல்ல ஏற்பாடுதான். பச்சை மீன், இறைச்சியின் நீர் மற்ற சாப்பாட்டில் சொட்டாது. ஆனால் அந்தப் பிரிவை வைத்துக்கொண்டு, கீழ்த் தட்டுக்காரர்கள் மேல் தட்டைத் தொட்டாலே முகம் சுளிப்பவர்களும் இருக்கிறார்கள். அதைச் சுகாதாரம் என்று ஒப்புக்கொள்ள எனக்கு முடியவில்லை.

சமைத்த மீனைவிட நான் பயப்படுவது பச்சை மீனுக்கு. பதினோரு மணிக்கு மீன் கூடையோடு மீன்காரம்மா வாசலில் வந்து நிற்பார். நல்ல அயிலை, விலையும் குறைவு. யாராவது ஒரு கிலோ வாங்கி, இரட்டைப் பிளாஸ்டிக் பையில் கட்டி, ஐந்து மணிக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று உள்ளே தள்ளிவிடுவார். பையில் எங்காவது ஓட்டை இருக்கும். மூன்று மணிக்குக் கீழ்த் தட்டில் சிவப்பாக ஒரு குளம்.

வெளியே மேசைக்கு அடியில் வைத்துவிடலாமே என்றால் அது இதைவிட மோசம். அயிலை, சாளை, சூரை போன்ற மீன்கள் சூட்டில் கிடந்தால், அவற்றில் வளரும் பாக்டீரியா ஹிஸ்டமின் என்ற பொருளை உண்டாக்கும். பிறகு எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது போகாது. சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் முகம் சிவந்து, தடிப்பு வந்து, தலை வலிக்கும். பலரும் அலர்ஜி என்று நினைத்துக்கொள்வார்கள். ஆகவே பச்சை மீன் வாங்குகிறவர்கள் இறுக்கமாக மூடுகிற ஒரு டப்பாவை அலுவலகத்திலேயே வைத்திருங்கள். மீனை அதில் போட்டு, கீழ்த் தட்டில் வையுங்கள். போகும்போது அந்தத் தட்டைத் துடைத்துவிட்டுப் போங்கள். இவ்வளவும் முடியாது என்றால் சாயங்காலம் சந்தையில் வாங்கிக்கொள்ளலாம், கடல் எங்கேயும் ஓடிப்போகாது.

இடம் இல்லை என்ற புகாரும் எல்லா அலுவலகத்திலும் உண்டு. கதவைத் திறந்து பார்த்தால் பாதி இடம் தண்ணீர் பாட்டில். அப்புறம் ஊறுகாய், பிரெட், நேந்திரங்காய் சிப்ஸ். சிப்ஸுக்கு எதற்குக் குளிர்? மட்டிப்பழத்தையும் சிலர் வைக்கிறார்கள். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய பழம் அது, கொஞ்சம் மரியாதை கொடுக்க வேண்டாமா? வாழைப்பழத்துக்கு ஃபிரிட்ஜின் குளிர் ஆகாது, தோல் கறுத்துவிடும். குளிர் உண்மையில் தேவைப்படுவது தேங்காய் அரைத்த கறிக்கு, தயிருக்கு, முட்டைக்கு, மீனுக்கு, சோற்றுக்கு. சமைத்த சாப்பாட்டை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே விடக்கூடாது என்பது உணவுப் பாதுகாப்பில் சொல்லும் பொதுக் கணக்கு. ஏழு மணிக்கு இறக்கிய அவியலை ஒரு மணிக்குச் சாப்பிடுகிறவர்கள் நாம். அந்த இடத்தில் தண்ணீர் பாட்டில் உட்கார்ந்திருந்தால் அவியல் புளித்துத்தான் போகும்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் இடம் கொடுக்க வேண்டிய இரண்டு பொருள் உண்டு. அவற்றைப் பற்றி யாரும் சத்தமாகப் பேசுவதில்லை.

ஒன்று இன்சுலின். பிரிக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் வைக்க வேண்டும். உறைந்துவிட்டால் அதைத் தூக்கி எறிய வேண்டியதுதான், உருகிய பிறகு பயன்படுத்தக் கூடாது. தனக்குச் சர்க்கரை நோய் இருப்பது தெரிய வேண்டாம் என்று நினைக்கிறவர் அதை ஒரு தாளில் சுற்றி மூலையில் வைத்திருப்பார். இன்னொருவர் தன் பாட்டிலுக்கு இடம் பண்ண அதை நகர்த்தி ஃபிரீசர் பக்கம் தள்ளுவார். போன மருந்தின் விலையைக் கேட்கக்கூட அவருக்கு வழி இல்லை, கேட்டால் நோய் வெளியே தெரிந்துவிடுமே.

இன்னொன்று தாய்ப்பால். மகப்பேறு நலச் சட்டத்தை 2017-ல் திருத்தியதிலிருந்து, முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுமுறை உண்டு. அது முடிந்து வேலைக்குத் திரும்பும்போது குழந்தைக்கு அதிகம் போனால் ஆறு மாதம்தான் ஆகியிருக்கும், பால்குடி மாறாத வயது. நடுவில் பாலைப் பிழிந்து எடுத்துவைத்துச் சாயங்காலம் வீட்டுக்குக் கொண்டுபோகும் பெண்கள் இப்போது நம்ம ஊரிலும் இருக்கிறார்கள். வெளியே வைத்தால் அதிகம் போனால் நான்கு மணி நேரம், ஃபிரிட்ஜில் நான்கு நாள் வரை தாங்கும். கதவில் வைக்கக் கூடாது, திறந்து மூடும்போதெல்லாம் சூடு படும் இடம் அது. உள்ளே பின்பக்கம் வைக்க வேண்டும். அந்தச் சின்னப் பாட்டிலைப் பார்த்து "அய்யே" என்று ஒரு அலுவலகத்தில் ஒருவர் சொன்னார். பசும்பாலை அதே தட்டிலிருந்து எடுத்து டீ போட்டுக் குடித்துக்கொண்டே சொன்னார். அந்தப் பெண் மறுநாள் முதல் பாலை எடுத்து வைக்கவே இல்லை. அங்கே வேறு யாரும் ஒன்றும் கேட்கவும் இல்லை.

என் கருத்து இதுதான்: ஃபிரிட்ஜுக்கு விதி எழுதும்போது, புகார் சொல்ல முடியாதவர் யார் என்று முதலில் பாருங்கள். சத்தம் போடுகிறவர் தன் தயிரைத் தானே காப்பாற்றிக்கொள்வார்.

அடுத்தவர் சாப்பாட்டை எடுப்பதிலும் இதே கதைதான். திருட்டு என்று சொன்னால் எல்லோருக்கும் கோபம் வரும். "ஒரு கரண்டிதானே எடுத்தேன்" என்பார்கள். நம்ம ஊரில் கறியைப் பகிர்ந்து சாப்பிடாத மதியம் கிடையாது, அந்தப் பழக்கம் போகவும் கூடாது. ஆனால் "மக்கா, எனக்கும் கொஞ்சம் வையி" என்று கேட்டு வாங்குவது ஒன்று, ஆள் இல்லாத நேரத்தில் டப்பாவைத் திறப்பது வேறொன்று. மேலதிகாரி எடுத்தால் இன்னும் சங்கடம். புதிதாகச் சேர்ந்த பையன் சிரித்துக்கொண்டே "எடுத்துக்குங்க சார்" என்பான். அவனால் வேறு என்ன சொல்ல முடியும்? இதற்குப் பெயர் போடாமல் சுவரில் குத்தலாக எழுதி ஒட்டுவதும் எனக்குப் பிடிக்காது. எடுத்தவர் அதைப் படிக்க மாட்டார், எடுக்காத பத்துப் பேர் படித்துவிட்டு வருத்தப்படுவார்கள். நேரில் தனியாகச் சொல்வதே நல்லது.

கூட்டிப் பெருக்க வருகிற அக்காவைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. ஃபிரிட்ஜைத் துடைப்பது அவர் வேலை. சிந்தியது யாருடைய கறி என்றாலும் கழுவுவது அவர். ஆனால் அவருடைய தூக்குவாளி எங்கே இருக்கிறது என்று பார்த்திருக்கிறீர்களா? மாடிப்படிக்குக் கீழே, துடைப்பத்துக்குப் பக்கத்தில். யாரும் அவரிடம் வைக்காதே என்று சொல்லியிருக்க மாட்டார்கள். வையுங்கள் என்றும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஃபிரிட்ஜில் பெயர் எழுதித் தட்டுப் பிரிக்கிற அலுவலகம் எதுவானாலும், அந்தப் பட்டியலில் அவர் பெயரும் வாட்ச்மேன் அண்ணாச்சி பெயரும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அதைப் பொது ஃபிரிட்ஜ் என்று அழைப்பதை விட்டுவிடலாம்.

மின்தடைக்கு வருகிறேன். மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையில் போகும் மின்சாரம் சாயங்காலம்தான் வரும். கதவைத் திறக்காமல் இருந்தால் உள்ளே சுமார் நான்கு மணி நேரம் பாதுகாப்பான குளிர் நிற்கும். நாம் என்ன செய்வோம்? குளிர் இருக்கிறதா என்று பார்க்கவே பத்துத் தடவை திறப்போம். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் அடித்து, பல ஊர்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லாமல் கிடந்தோமே, அதற்குப் பிறகு அலுவலகங்களைத் திறந்தபோது ஃபிரிட்ஜிலிருந்து வந்த வாடையை நினைத்தால் இப்போதும் மூக்கைப் பொத்தத் தோன்றும். மின்தடை அறிவிப்பு வந்த நாளில் தேங்காய்க் கறியைத் தவிர்த்து, புளி ஊற்றிய கறியாகக் கொண்டு வாருங்கள். கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும்.

சரி, சுத்தம் செய்வது யார்? குளம், பாசனம், மீன்பிடி போன்ற பொதுவான வளங்களை மக்கள் எப்படி நிர்வகிக்கிறார்கள் என்று ஆராய்ந்தவர் எலினோர் ஆஸ்ட்ரம் என்ற அமெரிக்கப் பெண்மணி. பொருளாதாரத்துக்கான நோபல் பரிசை 2009-ல் வாங்கினார், அந்தப் பரிசைப் பெற்ற முதல் பெண் அவர்தான். பயன்படுத்துகிறவர்களே கூடி விதி செய்துகொண்ட இடங்களில் பொதுச் சொத்து நிலைக்கிறது, மீறுகிறவருக்குத் தண்டனை சிறியதில் தொடங்கிப் படிப்படியாக ஏற வேண்டும் என்பவை அவர் கண்டவற்றில் சில. குளத்துக்குச் சரியாக வந்தது ஃபிரிட்ஜுக்கும் சரியாகவே வரும்.

நான் கடைசியாக வேலை பார்த்த இடத்தில் அப்படித்தான் செய்தோம். எல்லா டப்பாவிலும் பெயரும் தேதியும். வெள்ளிக்கிழமை நான்கு மணிக்கு ஃபிரிட்ஜ் காலி. தேதி தாண்டி நிற்கும் டப்பாவின் சொந்தக்காரருக்கு முதல் தடவை வாய்ச் சொல், அடுத்த தடவை கறி குப்பைக்கு, பாத்திரம் மேசைக்கு. அதற்கும் அடுத்த தடவை அந்த வாரத் துடைப்பு அவர் பொறுப்பு. துடைக்கும் முறை எல்லோருக்கும் சுற்றி வந்தது, மேலாளருக்கும். அவர் முறை வந்த முதல் வெள்ளிக்கிழமை திடீரென்று திருவனந்தபுரத்தில் அவருக்கு ஒரு கூட்டம் வந்துவிட்டது. திங்கட்கிழமை வந்து துடைத்தார். அப்புறம் அவர் டப்பா மட்டும் தேதியில்லாமல் இருந்ததே இல்லை.

கிறிஸ்துமஸ், பொங்கல் என்று சேர்ந்தாற்போல் சில நாள் விடுமுறை வந்தால், கடைசியாகக் கிளம்புகிறவர் உள்ளே இருப்பதையெல்லாம் எடுத்து, பிளக்கைப் பிடுங்கி, ஈரம் போகத் துடைத்து, கதவு ஒட்டாமல் நடுவில் ஒரு துணியை மடித்து வைக்க வேண்டும். அணைத்த ஃபிரிட்ஜை இறுக மூடினால் உள்ளே பூஞ்சை பிடிக்கும். கதவைத் திறந்தே வைத்திருக்கிறோம் என்று ஒரு தாளில் எழுதி ஒட்டவும் மறக்காதீர்கள். இல்லாவிட்டால் ராத்திரி சுற்றி வரும் வாட்ச்மேன் அண்ணாச்சி, யாரோ மறந்துவிட்டுப் போனார்கள் என்று நல்ல மனசோடு மூடிவிடுவார்.

நன்றி, வணக்கம்.