சுரண்டுறது ஒருத்தர், ஃபீஸ் கட்டுறது இன்னொருத்தர் பிள்ளைக்கு! ஜார்ஜியா லாட்டரி ஸ்காலர்ஷிப் கதை

[திரையில்: பெட்ரோல் பங்க் கடை. கண்ணாடிப் பெட்டிக்குள்ள வரிசையா லாட்டரிச் சுருள்கள்.]

காலைல ஆறரை மணி. அட்லாண்டாவுக்குப் பக்கத்துல டிகேட்டர். பங்க்ல காபி வாங்க நிக்கிறேன். எனக்கு முன்னாடி ஒரு பெரியவர். நைட் ஷிஃப்ட் முடிச்சு நேரா வந்திருக்கார் போல, அந்தப் பளபளக்குற மஞ்சள் கோட்டைக்கூடக் கழட்டல. இருபது டாலர் நோட்டை நீட்டி, "பதினாலுல நாலு"ன்னார். அதாவது பதினாலாம் நம்பர் சுருள்ல, அஞ்சு டாலர் சீட்டு நாலு. கடைக்காரர் சுருள்லேர்ந்து கிழிச்சுக் கொடுத்தார். பெரியவர் ஐஸ் பெட்டி மேல அதைப் பரப்பி வச்சு, சாவிக்கொத்துல தொங்குற ஒரு காசை எடுத்து சுரண்ட ஆரம்பிச்சார். ஒண்ணு, ரெண்டு, மூணு... ஒண்ணுமில்ல. நாலாவதுல அஞ்சு டாலர் விழுந்துது. அந்த அஞ்சு டாலருக்கும் இன்னொரு சீட்டு! அதுவும் போச்சு. பொடியை ஊதிட்டு, கடைக்காரருக்கு ஒரு சலாம் போட்டுட்டுக் கிளம்பிட்டார்.

வணக்கம் மக்களே. அந்தப் பெரியவர் இப்பதான் யாரோ ஒரு பிள்ளைக்குக் காலேஜ் ஃபீஸ் கட்டிட்டுப் போறார். கிண்டல் இல்ல, நிஜம். ஜார்ஜியா மாநிலத்துல லாட்டரி விக்கிற காசுல, தோராயமா டாலருக்குக் கால் டாலர் கல்விக்குப் போகுது. அந்தக் காசுலதான் ஹோப் ஸ்காலர்ஷிப் ஓடுது. இதுவரைக்கும் 20 லட்சம் மாணவர்களுக்கு மேல வாங்கியிருக்காங்க. நல்ல விஷயம்தானேன்னு கேக்குறீங்களா? நானும் அப்படித்தான் நினைச்சேன், அந்தப் பிள்ளை யாருன்னு பாக்குற வரைக்கும்.

[திரையில்: பழைய கறுப்பு வெள்ளை மலைக்கிராமப் படம்.]

வரலாறு வேகமா. 1990 தேர்தல்ல ஜெல் மில்லர்னு ஒருத்தர், "லாட்டரி கொண்டு வருவேன், பணம் முழுக்கப் படிப்புக்குத்தான்"னு சொல்லி கவர்னரா ஜெயிச்சார். சர்ச்சுக்காரங்க கடுமையா எதிர்த்தாங்க. 1992 நவம்பர்ல மக்கள் வாக்கெடுப்பு, மயிரிழையில பாஸ். 1993 ஜூன்ல முதல் சீட்டு வித்தாங்க, அந்த செப்டம்பரே முதல் ஸ்காலர்ஷிப். அவ்ளோதான்.

ஆனா மில்லரைப் பத்தி ரெண்டு வரி சொல்லாம போக மாட்டேன். பிறந்து சில நாள்லயே அப்பா இறந்துட்டார். அம்மா, மலையோரத்துல ஓடைலேர்ந்து கல்லைச் சுமந்து வந்து வீடு கட்டினவங்க. அந்த வீட்டுலேர்ந்து வந்த ஆளு படிப்புக்குத் திட்டம் போட்டதுல ஆச்சரியம் இல்ல. இதே மனுஷன் 1998ல, ஜார்ஜியால பிறக்குற ஒவ்வொரு குழந்தைக்கும் சாஸ்திரிய சங்கீத கேசட்டோ சிடியோ தரணும்னு பட்ஜெட்ல ஒரு லட்சம் டாலருக்கு மேல கேட்டார். மொசார்ட் கேட்டா மூளை வளருமாம்! நம்ம ஊர்ல வளைகாப்புக்கு வீணை கேசட் வாங்கிக் கொடுக்குற மாமி, அங்க கவர்னரா இருந்திருக்காங்க, அவ்ளோதான்.

சரி, திட்டம் என்ன? ஹைஸ்கூல்ல ஜிபிஏ, அதான் கிரேடுகளோட சராசரிப் புள்ளி, 4க்கு 3.0 எடுக்கணும். அதாவது சராசரியா பி கிரேடு. மாநில அரசுக் காலேஜ்ல சேர்ந்தா டியூஷன் ஃபீஸை, அதாவது படிப்புக் கட்டணத்தை, அரசு கட்டும். காலேஜ்லயும் அந்த 3.0வைத் தக்க வச்சுக்கணும். தனியார் காலேஜுக்கு ஒரு குறிப்பிட்ட தொகை. எளிமையா இருக்குல்ல? அந்த எளிமைதான் இதோட வெற்றி. ஃப்ளோரிடா, டென்னஸி எல்லாம் பின்னாடி இதைப் பாத்துத்தான் கிளம்பினாங்க. பக்கத்து அலபாமா மட்டும் 1999ல லாட்டரியே வேண்டாம்னு ஓட்டுப் போட்டுது. இன்னிக்கும் அலபாமாக்காரங்க எல்லை தாண்டி வந்து இங்க சீட்டு வாங்கி, ஜார்ஜியாப் பசங்களுக்கு ஃபீஸ் கட்டிட்டுப் போறாங்க. தர்மப் பிரபுக்கள்!

[திரையில்: ஒரு பக்க ஃபாரம், பக்கத்துல தடித்த கட்டு ஃபாரம்.]

இப்ப முக்கியமான இடத்துக்கு வர்றோம். வீடியோவை ஓட்டி விடாதீங்க.

முதல் வருஷம் ஒரு வரம்பு இருந்துது. குடும்ப வருமானம் 66,000 டாலருக்குள்ள இருக்கணும். அடுத்த வருஷம் அதை 1,00,000 ஆக்கினாங்க. 1995ல வரம்பையே தூக்கிட்டாங்க. கோடீஸ்வரர் பிள்ளையும் வாங்கலாம். சரி, மார்க்குக்குத்தானே பரிசுன்னு விட்டுடலாம். ஆனா ஏழைப் பிள்ளைக்கு என்ன நடந்துதுன்னு கேளுங்க. அமெரிக்க மத்திய அரசு, வருமானம் குறைஞ்ச மாணவர்களுக்கு பெல் கிராண்ட்னு ஒரு உதவி தருது. ஆரம்ப வருஷங்கள்ல, பெல் வாங்குற பிள்ளைக்கு அந்தத் தொகையை ஹோப்லேர்ந்து கழிச்சுட்டாங்க. பெல் முழுசா வர்ற பிள்ளைக்கு ஹோப் கையில வந்தது என்ன தெரியுமா? புத்தகத்துக்கு 400 டாலர். அவ்ளோதான்! வசதியான வீட்டுப் பிள்ளைக்கு முழு டியூஷன், இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு புத்தகக் காசு.

இன்னொரு கொடுமை. ஃபாரம். அம்பதாயிரம் டாலருக்கு மேல சம்பாதிக்கிற குடும்பம் ஒரே ஒரு பக்கம் நிரப்பினாப் போதும். அதுக்குக் கீழ இருக்குறவங்க வரிக் கணக்கு, சொத்துக் கணக்குன்னு மத்திய அரசோட பெரிய ஃபாரத்தை நிரப்பணும். நம்ம தாலுகா ஆபீஸ்ல வருமானச் சான்றிதழுக்கு நின்னவங்களுக்கு இந்த வலி புரியும். பணம் இல்லன்னு நிரூபிக்கத்தான் உலகம் பூரா அதிகப் பேப்பர் கேக்குறாங்க.

இந்தப் பெல் கழிவை 2000 வாக்குல எடுத்துட்டாங்க. ஆனா அதுக்குள்ள ஒரு ஏழெட்டு பேட்ச் வெளிய போயிடுச்சு.

[திரையில்: கார் ஷோரூம், சிவப்பு ரிப்பன் கட்டின கார்.]

இப்போ எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம். கார்!

ஜார்ஜியா பல்கலைக்கழகப் பொருளாதாரப் பேராசிரியர்கள் ரெண்டு பேர் ஒரு கேள்வி கேட்டாங்க. எப்படியும் பிள்ளையைக் காலேஜுக்கு அனுப்பப் போற குடும்பம், ஃபீஸுக்குன்னு பணம் சேர்த்து வச்சிருக்கும். திடீர்னு ஃபீஸை அரசு கட்டிடுது. அந்தப் பணம் எங்க போச்சு? தேடினாங்க, கார் பதிவுக் கணக்குல போய் நின்னுது. 2007ல வெளிவந்த ஆய்வு அது. ஹோப் வந்தப்புறம் ஜார்ஜியால கார் பதிவு கூடியிருக்கு! அப்பாவோ அம்மாவோ வீட்டுல, "ஹோப்பை விடாமப் பிடிச்சுக்கோ, கார் வாங்கித் தர்றேன்"னு பேரம் பேசியிருக்காங்க. நம்ம ஊர்ல "பத்தாவதுல 450 எடு, பைக்"னு சொல்றோமே, அதேதான், இங்க நாலு சக்கரம்.

நம்ம பெரியவர் ஐஸ் பெட்டி மேல சுரண்டின பொடி இருக்கே, அதுல கொஞ்சம் யாரோ வீட்டு வாசல்ல சிவப்பு ரிப்பனோட நின்னிருக்கும். தமிழ்ல இதுக்கு "சுரண்டல் லாட்டரி"ன்னு பேர் வச்ச புண்ணியவான் யாருன்னு தெரியல. அவரைத் தேடிப் பிடிச்சு ஒரு டாக்டர் பட்டம் கொடுக்கணும். சீட்டை அதிகம் வாங்குறது வருமானம் குறைஞ்சவங்க, பலனை அதிகம் எடுக்குறது வசதியானவங்கன்னு ஆய்வுகள் நீளமாச் சொன்னதை, மனுஷன் ஒரே வார்த்தைல முடிச்சுட்டார்.

அதே பல்கலைக்கழகத்துல இன்னொரு ஆய்வு. 3.0 போயிடுமோங்குற பயத்துல பசங்க என்ன பண்ணினாங்க? ஒரு செமஸ்டர்ல எடுக்குற பாடத்தைக் குறைச்சாங்க. மார்க் சரியில்லன்னு தெரிஞ்சதும் நடுவுல பாடத்தை விட்டாங்க. சம்மர்ல போய்ப் படிச்சாங்க. அதாவது ஸ்காலர்ஷிப் படிக்க வச்சுது, ஆனா கஷ்டமான பாடத்துலேர்ந்து ஓடவும் வச்சுது. ஆர்கானிக் கெமிஸ்ட்ரில சி வாங்கினா பரவாயில்லன்னு சொல்ல நம்ம அப்பா அம்மாவே ஒத்துக்க மாட்டாங்க, ஸ்காலர்ஷிப் எப்படி ஒத்துக்கும்?

இதுக்கு அரசு 2016ல ஒரு சட்டம் போட்டுது பாருங்க, எனக்கு சிரிப்பு தாங்கல. காலேஜ்ல அறிவியல், கணக்கு, இன்ஜினியரிங் பக்கம் அவங்க பட்டியல் போட்ட பாடங்கள்ல பி, சி, டி வாங்கினா, ஹோப் கணக்குல அரைப் புள்ளி சேர்த்துப்பாங்க. ஏ வாங்கினா சேர்க்க மாட்டாங்க! ஏ வாங்கினவனுக்கு ஆறுதல் எதுக்குன்னு விட்டுட்டாங்க போல.

[திரையில்: 2011.]

2011ல பணம் பத்தல. ஃபீஸ் ஏறிட்டே போகுது, மாணவர் கூட்டம் ஏறுது, லாட்டரி வருமானம் அந்த வேகத்துல ஏறல. கவர்னர் நேதன் டீல் ரெண்டாப் பிரிச்சார். ஜிபிஏ 3.7, காலேஜ் சேர்க்கைக்கு எழுதுற எஸ்ஏடி தேர்வுல 1200 எடுத்தா "ஜெல் மில்லர் ஸ்காலர்ஷிப்", முழு டியூஷன். மத்தவங்களுக்கு ஹோப், டியூஷன்ல ஒரு பங்கு மட்டும். புத்தகக் காசு காலி. 2023ல கவர்னர் கெம்ப் காலத்துலதான் ஹோப் மறுபடி முழு டியூஷன் ஆச்சு.

இங்க அட்லாண்டா தமிழ்ச் சங்க விழாவுல பந்தில உக்காந்தா, சாம்பார் வர்றதுக்கு முன்னாடி இந்தக் கேள்வி வந்துடும்: "உங்க பையன் ஜெல்லா, ஹோப்பா?" ஜெல்னா நெஞ்சு நிமிரும். ஹோப்னா, "அவன் ஸ்விம்மிங்ல பிஸியா இருந்துட்டான்"னு ஒரு விளக்கம். ஆனா மூணாவது வகை ஒண்ணு இருக்கு, அது பந்தில பேச்சை நிறுத்திடும். ஹெச்1பிங்குற வேலை விசால பத்துப் பதினஞ்சு வருஷமா இருக்குற குடும்பம். பொண்ணு இங்கயே ஒண்ணாங்கிளாஸ்லேர்ந்து படிச்சு 4.0 வாங்கியிருக்கும். அதுக்கு ஜெல்லும் இல்ல, ஹோப்பும் இல்ல. குடியுரிமையோ கிரீன் கார்டோ வேணும். அந்தப் பொண்ணோட அப்பா போன தடவை எனக்கு எதிர்ல உக்காந்திருந்தார். "நானும் வாரம் ரெண்டு பவர்பால் லாட்டரிச் சீட்டு வாங்குறேன் சார்"னார். அவ்ளோதான் சொன்னார்.

நம்ம ஊர்க்காரங்க இப்பவே கமெண்ட்ல கை வச்சிருப்பீங்க, தெரியும். 1968ல அண்ணா ஆட்சியில வந்த லாட்டரி: "விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு." அந்த வாசகம் ஜார்ஜியாவுக்கு அச்சு அசலாப் பொருந்துது. தமிழ்நாட்டுல 2003 ஜனவரில லாட்டரியை மூடிட்டாங்க. அதே 2003 நவம்பர்லதான் டாஸ்மாக் சில்லறை விற்பனையை எடுத்துக்கிட்டது. ஒரு கதவு மூடினா இன்னொண்ணு திறக்கும்னு சும்மாவா சொன்னாங்க!

ஆனா ஒரு வித்தியாசம் இருக்கு, அதுல நான் தமிழ்நாட்டுப் பக்கம். 2022ல வந்த புதுமைப் பெண், 2024ல வந்த தமிழ்ப் புதல்வன், ரெண்டும் மாசம் 1000 ரூபாய். அங்க கேக்குறது "எத்தனை மார்க்?" இல்ல, "ஆறாவதுலேர்ந்து பன்னிரண்டாவது வரைக்கும் எந்த ஸ்கூல்?" அரசுப் பள்ளி, இல்ல அரசு உதவி பெறும் பள்ளியில தமிழ் வழின்னா பணம் அக்கவுண்ட்டுக்கு வரும். தொகை சின்னதுதான். ஆனா பணம் போய்ச் சேர்ற வீடு சரியான வீடு. அந்த மஞ்சள் கோட்டுப் பெரியவர் பேத்திக்கு, பி கிரேடு இல்லாம சி கிரேடா இருந்தா, ஹோப் கிடையாது. அவர் வாங்கின சீட்டு மட்டும் கணக்குல இருக்கும்.

ஒண்ணு நியாயமாச் சொல்லிடறேன். இதே லாட்டரிக் காசுலதான் ஜார்ஜியால நாலு வயசுக் குழந்தைகளுக்கு பிரீ-கேங்குற இலவசப் பாலர் பள்ளி நடக்குது. அதுக்கு மார்க்கும் இல்ல, வருமானச் சான்றிதழும் இல்ல. என் பொண்ணு அதுலதான் படிச்சா. ஆக நானும் அந்தப் பெரியவருக்குக் கடன்காரன்தான். அடுத்த தடவை பாத்தா காபியாவது வாங்கிக் கொடுக்கணும்.

உங்க மாநிலத்துல எந்தக் காசு யார் ஃபீஸைக் கட்டுது? கமெண்ட்ல போடுங்க. அடுத்த வாரம் கேரளா லாட்டரி. பெல் பட்டனை அமுக்குங்க. பெல் கிராண்ட் இல்ல, கீழ இருக்குற பெல்.