கரண்டு போனாத்தான் பாட்டு

வணக்கமுங்க. எல்லாரும் நல்லா இருக்கீங்களா? இன்னைக்கு வெளிய எங்கயும் போகலைங்க. வீட்டுக்குள்ளயேதான். ஓடு மாத்தறதுக்காக அட்டாலியில இருந்த சாமானெல்லாம் இறக்கினோம். அப்ப இந்தத் தகரப்பொட்டி கையில மாட்டுச்சு. உள்ள பாருங்க. கேசட்டு. எண்ணிப் பாத்தேன், 43 இருக்குது. அடியில ஒரு கட்டுப் பாட்டுப் புத்தகம். நேத்துப் பொழுதோட தொறந்தது, ராத்திரி தூக்கமே வரலைங்க. அதுதான் உங்ககிட்டப் பேசலாம்னு கேமராவை எடுத்து வெச்சுட்டேன்.

நமக்குக் கோயமுத்தூர்ச் சோமனூர்ப் பக்கமுங்க. தறிக்காரங்க ஊரு. காடாத் துணி, அதான் வெளுக்காத, சாயம் போடாத துணி, நெய்யறது. எங்க குடோன்ல நாலு தறி. நாடான்னா குறுக்கு நூலைக் கொண்டு போற கட்டை. இப்ப இருக்கற நாடா இல்லாத தறியைப் பாத்தவங்களுக்கு அந்தச் சத்தம் தெரியாது. பழைய விசைத்தறியில நாடா நிமிஷத்துக்கு நூறு தடவைக்கு மேல இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் அடிச்சுப் போகும். பக்கத்துல நின்னு கத்தினாலும் கேக்காது. எங்கய்யனும் அம்மாவும் வாயசைவைப் பாத்தேதான் பழமை பேசுவாங்க. எங்க வீடு மட்டுமில்லை, வீதியே அப்படி. ராத்திரி பகல் ரெண்டும் ஓடும்.

அப்படி ஒரு ஊர்ல பாட்டு எப்படிக் கேப்பீங்க?

கரண்டு போகணும். அப்பத்தான். வேசகாலம், அதான் வெயில்காலம், வந்துட்டா அடிக்கடி கரண்டு போகும். போன அந்த நொடியில தறி ஒவ்வொண்ணா இழுத்து இழுத்து நிக்கும். நின்னதும் ஊரே அமைதியாயிரும். கொஞ்ச நேரம் காதுக்குள்ள மட்டும் தறி ஓடிட்டே இருக்கும். அது அடங்கறதுக்குள்ள நான் டேப் ரிக்கார்டரைத் தூக்கிட்டுத் திண்ணைக்கு வந்துருவேன். அதுக்குன்னே நாலு பெரிய பேட்டரி தனியா எடுத்து வெச்சிருப்பேன். கரண்டு இருக்கறப்பப் பேட்டரியைத் தொடவே மாட்டேன். தீரப் போகுதுன்னா ஓட்டு மேல வெயில்ல காய வெப்போம், கொஞ்சம் உசுரு வரும். அது அவசரத்துக்குத்தான், நிலைக்காது.

இதுல ஒண்ணு சொல்லியே ஆகணும். எங்கய்யனுக்கு மீட்டர்க் கணக்குலதான் கூலி. தறி நின்னா காசு நின்னுச்சு. அந்த மனுசன் துண்டை உதறித் தோள்ல போட்டுட்டுத் திண்ணையில உக்காருவாரு. எனக்கு உள்ளுக்குள்ள சந்தோசம். அவர் மொகத்தைப் பாத்தா அந்தச் சந்தோசத்தைக் காட்டவும் முடியாது. சித்த நேரம் கழிச்சு அவரே, "போடு கண்ணு, அந்தச் சுசீலா பாட்டைப் போடு"ம்பாரு. அப்பத்தான் எனக்கு மூச்சு வரும்.

எனக்கு இளையராஜா, அவருக்குப் பழசு. உடுமலை நாராயணகவி எழுதினதுன்னா ரொம்பப் பெருமையாச் சொல்லுவாரு, "பூளவாடிக்காரர், நம்ம பக்கத்து ஆளு"ன்னு. ஒரு காலத்துல கோயமுத்தூர்லயே சென்ட்ரல் ஸ்டுடியோ, பட்சிராஜா ஸ்டுடியோன்னு ரெண்டு இருந்து படம் எடுத்தாங்கல்ல, அதைச் சொல்ல ஆரம்பிச்சா கரண்டு வர்ற வரைக்கும் நிறுத்த மாட்டாரு.

சரி, கேசட்டுக்கு வர்றேன். இதுல பாதி, காசு குடுத்து ரெக்கார்டிங் சென்டர்ல பதிஞ்சது. அப்ப அது உரிமை வாங்காமப் பண்ணின வேலைதான், இன்னைக்கு யோசிச்சாத் தெரியுது. அன்னைக்கு எங்குளுக்கு அதுதான் பாட்டு. ஒரு தாள்ல வரிசையா எழுதிக் குடுக்கணும். அந்த வரிசைக்கு நான் ஒரு வாரம் உக்காந்திருக்கேனுங்க. 60 நிமிஷக் கேசட்டுன்னா ஒரு பக்கம் 30 நிமிஷம். நாலரை நிமிஷப் பாட்டுன்னா ஆறு போடலாம், மூணு நிமிஷம் மிச்சம். ஏழாவது போட்டா நடுச்சரணத்துல அறுந்துரும். அறுந்த பாட்டு மாதிரி வேதனை வேற இல்லை. அதனால மிச்சத்துக்குப் பழைய சின்னப் பாட்டு ஒண்ணாத் தேடுவேன். எங்கய்யன் பாட்டெல்லாம் அப்படித்தான் என்ற கேசட்டுல வந்து சேந்துச்சு. கணக்குக்காகப் போட்டது, இன்னைக்கு அதைத்தான் எச்சாக் கேக்கறேன்.

இந்தா, இதை ஜூம் பண்ணிக் காட்டறேன். ஆரம்பத்துல ஒளி ஊடுருவற மாதிரி ஒரு துண்டு இருக்குதா? இதுல பாட்டு பதியாது. இதைப் பென்சில்ல சுத்தித் தாண்டி விட்டுட்டுத்தான் ரெக்கார்டு பட்டனை அமுக்கணும். தெரியாதவங்களுக்கு மொதப் பாட்டோட தலை போயிரும். மேல ஓரத்துல இந்த ரெண்டு காது பாருங்க. இதை ஒடிச்சுட்டா மறுபடி யாரும் இதுமேல பதிய முடியாது. நான் ஒடிச்சு வெச்ச கேசட்டுல என்ற அண்ணன் காகிதத்தை அடைச்சுட்டு வேற பாட்டைப் பதிஞ்சுட்டான். ரெண்டு நாளு அவன்கூடப் பேசலை.

டேப் அறுந்தா கடைக்காரங்க தூக்கிப் போடச் சொல்லுவாங்க. நாங்க தூக்கிப் போடுவமா? தார், அதான் நாடாவுக்குள்ள வெக்கற நூல் கண்டு, சுத்தற வீட்டுப் பசங்க. பாவுல, அதான் தறியில நீளவாக்குல ஓடற நூல்ல, இழை அத்துப்போனா நின்னு பிணைக்கறதைப் பாத்துப் பாத்து வளந்தவங்க. ரெண்டு முனையையும் சாய்வா வெட்டி, நேரா வெச்சு, பின்னால ஒட்டிருவோம். 60 நிமிஷக் கேசட்டுக்குள்ள கிட்டத்தட்ட 90 மீட்டர் டேப் இருக்குது, நாலு மில்லிமீட்டருக்கும் கம்மியான அகலம். எங்கம்மா அதை விரல்ல உருட்டிப் பாத்துட்டு, "இதையும் எவனோ நெய்ஞ்சிருக்கான்"னு சொன்னாங்க.

பாட்டுப் புத்தகம் சந்தையில வாங்கினது. கதையைப் பாதி சொல்லிட்டு "மீதியை வெள்ளித்திரையில் காண்க"ன்னு முடிச்சிருப்பாங்க. இதைப் பாவு நூல்ல தச்சு பைண்டு பண்ணியிருக்கேன் பாருங்க. தையல் இன்னும் விடலை.

உங்க வீட்லயும் கேசட்டு இருந்தா அவசரப்பட்டுப் போட்றாதீங்க. மொதல்ல வெள்ளையாப் பூசணம் இருக்குதான்னு பாருங்க. உள்ள டேப்பை அமுத்தறதுக்கு இத்தனூண்டு மெத்தை ஒண்ணு இருக்கும், பசை காஞ்சு அது விழுந்திருக்கும். அது இல்லாட்டிச் சத்தம் மங்கிரும். கையிலயே ஒருதடவை முழுசாச் சுத்தி, திருப்பிச் சுத்துங்க. ஒட்டியிருக்கறது பிரியட்டும். ரிக்கார்டரோட ஹெட்டைப் பஞ்சுல ஸ்பிரிட்டு தொட்டுத் தொடைங்க, பழுப்பா அப்பிட்டு வரும். டேப்புல இருக்கற இரும்புத் துகள்தான் அது. பெல்ட்டு தளந்திருந்தா மாத்துங்க.

இப்ப இதுக்கு வர்றேன். இதைக் கடைசிக்குன்னு வெச்சிருந்தேன். அட்டையில "28.5.89"னு என்ற கையெழுத்து.

இது சென்டர்ல பதிஞ்சதில்லை. அன்னைக்குப் பொழுதோட கரண்டு போயிருச்சு. டிரான்சிஸ்டர்ல இலங்கை வானொலி தெளிவா எடுத்துச்சு. அறிவிப்பாளர் பி.எச். அப்துல் ஹமீது குரலைக் கேக்கறதுக்காகவே நாங்க உக்காந்த காலமுங்க அது. ரேடியோவுக்கு எதுத்தாப்புல ரிக்கார்டரை வெச்சு, மைக்குலயே பதிஞ்சேன். கரண்டு இருக்கறப்ப இப்படிப் பதிய முடியுமா? தறிச் சத்தந்தான் பதியும். அதனால அந்த அமைதிக்காகக் காத்திருந்து பதிஞ்சது. எல்லாரையும் பேசாம இருக்கச் சொல்லிட்டேன். எங்கய்யன் எனக்குப் பக்கத்துல சுவத்துல சாஞ்சு உக்காந்திருந்தாரு.

நல்லா வந்துட்டிருந்த பாட்டு, ரெண்டாவது சரணத்துல கரண்டு வந்துருச்சு. மேக்கால வீட்டுத் தறி மொதல்ல எடுத்துச்சு. அப்பறம் ஒவ்வொண்ணா. எனக்கு அழுகையே வந்துருச்சு. எங்கய்யன் எந்திரிச்சுக் குடோனுக்குள்ள போயிட்டாரு. நான் பட்டனை நிறுத்தக்கூட இல்லை, அப்படியே விட்டுட்டுப் போயிட்டேன். பக்கம் தீர்ற வரைக்கும் ஓடியிருக்குது.

அந்தத் தறிகளை 2016-ல எடைக்குப் போட்டுட்டோமுங்க. அதுக்கு மொத வருசமே எங்கய்யன் போயிட்டாரு. அவரு கண்ண மூடிட்டே, இது எத்தனாவது தறி, எதுல நாடா சரியில்லைன்னு சொல்லுவாரு. அந்தக் காது எனக்கும் கொஞ்சம் வந்திருக்குதுன்னு நேத்துத்தான் தெரிஞ்சுது.

அந்தப் பாட்டு இன்னைக்குப் போன்ல சுத்தமாக் கெடைக்குது. நேத்து ரெண்டையும் கேட்டேன். போன்ல கேக்கறப்ப ரெண்டாவது சரணம் வந்ததும் என்ற காது எதையோ எதிர்பாக்குதுங்க. அது வர்றதே இல்லை.

பாட்டை முழுசா உங்குளுக்குப் போட்டுக் காட்ட முடியாது, உரிமை இருக்கறவங்க இருக்காங்க. கரண்டு வந்ததுக்கு அப்பறம், பாட்டு அமுங்கிப் போற இடத்துல இருந்து போடறேன். பதியறப்பப் பேட்டரி தீந்துட்டிருந்துச்சு, டேப் மெதுவா ஓடியிருக்குது. அதனால இப்பப் புது பேட்டரியில போட்டாத் தறி கொஞ்சம் வெரசா ஓடற மாதிரி இருக்கும். சத்தத்தைச் சித்த எச்சா வெச்சுக்குங்க.

இதா... இது மேக்கால வீடு. இது அதுக்கடுத்தது.

இருங்க.

ம். இப்ப வந்துச்சு பாருங்க, ஒரு அடி தள்ளித் தள்ளி விழுகுதில்ல? மூணாம் நம்பர். எங்குளுது. எங்கய்யன் கைப்பிடியைத் தள்ளிட்டாரு.