பாதிப் புள்ளியில் போன கொடி

நேயர்களுக்கு வணக்கம். பேஸ்பால் பற்றிப் பத்து நிமிடம் பேச முடியுமா என்று நிலையத்திலிருந்து கேட்டார்கள். பேஸ்பாலா, யார் கேட்பார்கள் என்றேன். "ஆட்டத்தை விடுங்கள், நீங்கள் நண்பர்களோடு போட்ட சண்டையைச் சொல்லுங்கள்" என்றார்கள். அது என்னால் முடியும்.

பாஸ்டனுக்கு மேற்கே ஒரு சின்ன ஊரில் சில வருடம் வேலை பார்த்தேன். அலுவலகத்தில் பத்துப் பேர் சேர்ந்து ஃபேண்டஸி பேஸ்பால் லீக் ஒன்று நடத்தினார்கள். ஒருவர் வேலை மாறிப் போனதில் ஓர் இடம் காலியானது. கிரிக்கெட் பார்க்கிறவன்தானே, கணக்கும் வரும் என்று என்னைப் பிடித்துப் போட்டார்கள்.

ஃபேண்டஸி என்றதும் உங்களுக்கு செல்போன் ஆப் ஞாபகம் வரும். ஒரு மேட்ச், ஒரு ராத்திரி, கட்டிய பணம் போச்சு. 2025 ஆகஸ்டில் வந்த சட்டம் பணம் கட்டி ஆடுவதைத் தடை செய்த பிறகு இங்கே அந்தப் பேச்சே அடங்கிவிட்டது. நாங்கள் ஆடியது வேறு சங்கதி. ஏப்ரலில் ஆரம்பித்தால் செப்டம்பர் கடைசி வரை, ஆறு மாதம். ஒவ்வொரு நிஜ அணியும் 162 ஆட்டம் ஆடும், அநேகமாக தினமும் ஆட்டம் உண்டு. நாங்கள் ஆளுக்கு 20 டாலர் போட்டோம். அதுவும் கடைசி நாள் சாப்பாட்டுக்கே போய்விடும்.

இந்த விளையாட்டுக்கு ஒரு பிறப்புக் கதை இருக்கிறது. டேனியல் ஓக்ரென்ட் என்று ஒரு பத்திரிகைக்காரர். அவர் தன் கூட்டாளிகளோடு மன்ஹாட்டனில் 'லா ரோட்டிசரி ஃபிரான்சேஸ்' என்ற உணவகத்தில் கூடுவார். 1980-இல் அந்தக் கூட்டம்தான் முதல் லீக்கை நடத்தியது. அதனால்தான் இன்றைக்கும் இந்த வகை ஆட்டத்துக்கு 'ரோட்டிசரி' என்று பெயர், சுருக்கமாக 'ரோட்டோ'. ரோட்டிசரி என்றால் கோழியை நெருப்பில் சுழற்றி வாட்டுவது. அந்தக் கோழிக்கும் பேஸ்பாலுக்கும் இருக்கும் சம்பந்தம் அந்த ஹோட்டல் மட்டும்தான். அடுத்த வருடம், 1981-இல், ஆட்டக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். எழுத ஆட்டமே இல்லாத நிருபர்கள் இந்த விளையாட்டைப் பற்றி எழுத, நாடு முழுக்கப் பரவிவிட்டது. ஓக்ரென்ட் அன்று வகுத்த ஒரு கணக்கு உண்டு. பந்து வீசுகிற பிட்சர் ஒரு இன்னிங்ஸுக்கு சராசரியாக எத்தனை மட்டைக்காரர்களைப் பேஸுக்கு, அதாவது ரன்னுக்காக ஓடிச் சேர வேண்டிய மூலைகளுக்கு, போக விடுகிறார் என்பது. இப்போது டிவி வர்ணனையில் சர்வசாதாரணமாக அதைச் சொல்கிறார்கள். இத்தனையும் கண்டுபிடித்த மனுஷன் தன்னுடைய லீக்கில் ஒரு தடவைகூட ஜெயித்ததில்லை. எனக்கு அதில் கொஞ்சம் ஆறுதல்.

முறை இதுதான். ஆளுக்கு 260 கற்பனை டாலர், அதற்குள் 23 ஆட்டக்காரர்களை ஏலத்தில் எடுக்க வேண்டும். நம் ஊர் மாதிரியே ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம். எங்கள் ஏலம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அலுவலக மீட்டிங் ரூமில் ஏழு மணி நேரம் நடந்தது. முதல் வருடம் பெயர் தெரிந்த நான்கு பேரின் மேல் காசையெல்லாம் கொட்டினேன். கடைசி எட்டு பேரை ஒவ்வொரு டாலருக்கு எடுத்தேன். அதில் ஒருவர் ஏற்கனவே முழங்கை ஆபரேஷன் செய்துகொண்டு வீட்டில் படுத்திருந்தவர். ரூமில் அது எல்லோருக்கும் தெரியும், எனக்குத்தான் தெரியாது. மூணு தரம் சொல்லி முடித்த பிறகு சிரித்தார்கள் பாருங்கள்.

அப்புறம், நாம் எடுத்தவர்கள் நிஜ ஆட்டங்களில் ஆடுவதை வைத்துப் பத்துக் கணக்குகள். நம் சிக்ஸர் மாதிரியான ஹோம் ரன், ரன், திருடிய பேஸ், பேட்டிங் சராசரி என்பது போல மட்டைக்காரர்களுக்கு ஐந்து, பிட்சர்களுக்கு ஐந்து. ஒவ்வொரு கணக்கிலும் முதலிடத்துக்குப் பத்துப் புள்ளி, கடைசிக்கு ஒன்று, இருவர் சமமாக இருந்தால் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். பாதிப் புள்ளி என்ற சனியன் அங்கேதான் பிறக்கிறது.

2011-க்கு வருகிறேன். அந்த வருடம் நான் தேறிவிட்டேன். க்ளோசர்களை மலிவாகப் பிடிப்பது என்று திட்டம். அணி கொஞ்சமாக முன்னிலையில் இருக்கும்போது கடைசி இன்னிங்ஸான ஒன்பதாவதில் வந்து, அந்த முன்னிலையைக் காப்பாற்றிக் கொடுக்கிற பிட்சர்தான் க்ளோசர். காப்பாற்றினால் அவர் கணக்கில் ஒரு 'சேவ்'. அட்லாண்டாவின் கிரெய்க் கிம்ப்ரலை ஒன்பது டாலருக்கு எடுத்தேன். அறிமுக ஆட்டக்காரர், அந்த வருடமே 46 சேவ் எடுத்தார், அறிமுக ஆட்டக்காரர்களில் அது அப்போது சாதனை. பாஸ்டனின் ஜோனதன் பாப்பல்பானும் என்னிடம்.

எதிரி யார் தெரியுமா? பக்கத்து மேஜைக்காரர். பெயர் வேண்டாம், பாஸ்டன்காரர் என்றே சொல்கிறேன். பாஸ்டன் அணியின் ஃபென்வே பார்க் மைதானத்துக்கு அப்பாவின் தோளில் உட்கார்ந்து போனவர். ஆனால் ஏலத்தில் அவருக்கு வாய்த்தது டாம்பா பே அணியின் இவான் லாங்கோரியா. செப்டம்பர் 28, கடைசி ராத்திரி. அவருக்கு 81.5, எனக்கு 81.

நிஜ லீக்கிலும் அன்றைக்குத்தான் இழுபறி. அடுத்த சுற்றுக்குப் போகும் ஓர் இடத்துக்குப் பாஸ்டனுக்கும் டாம்பாவுக்கும் போட்டி. செப்டம்பர் ஆரம்பத்தில் பாஸ்டன் டாம்பாவைவிட ஒன்பது ஆட்டம் முன்னால் இருந்தது. ஒரே மாதத்தில் அத்தனையும் கரைந்து கடைசி நாளில் இரண்டும் சமம். அட்லாண்டாவுக்கும் கிட்டத்தட்ட அதே தலைவிதி.

சேவ் கணக்கில் எனக்கு மேலே இருந்தவரைவிட நான் ஒன்று குறைவு. அவர் ஜூலையிலேயே அணியைத் திறந்து பார்ப்பதை விட்டுவிட்டவர். ஒன்று கிடைத்தால் அவரோடு சமம், எனக்கு அரைப் புள்ளி, கொடியில் பாதி. இரண்டு கிடைத்தால் முழுக் கொடி. பேஸ்பாலில் ஜெயிப்பதை பென்னண்ட் என்பார்கள், பென்னண்ட் என்பதே கொடிதானே. எங்களிடம் இருந்தது பழைய மேஜை விரிப்பில் வெட்டித் தைத்தது.

பாஸ்டன்காரர் வீட்டு நிலவறையில் இரண்டு பேரும் உட்கார்ந்தோம். டிவியில் பால்டிமோரில் பாஸ்டன். லேப்டாப்பில் டாம்பாவும் நியூயார்க் யாங்கீஸும், யாங்கீஸ் 7-0 முன்னிலை. என் போனில் அட்லாண்டா.

கிம்ப்ரல் ஒன்பதாவது இன்னிங்ஸில் 3-2 முன்னிலையோடு வந்தார். அத்தனை பேரைத் திணறடித்த கை அன்றைக்கு நடுங்கியது. ஆட்டம் சமமானது, பதின்மூன்றாவது இன்னிங்ஸில் அட்லாண்டா தோற்றது. என் முழுக் கொடி போச்சு. பாஸ்டன்காரர் ஒரு சிப்ஸை வாயில் போட்டுக்கொண்டு என் முழங்காலைத் தட்டினார்.

பால்டிமோரில் மழை பெய்து ஆட்டம் ஒன்றரை மணி நேரம் நின்றது. அதற்குள் லேப்டாப்பில் டாம்பா எட்டாவது இன்னிங்ஸில் ஆறு ரன் எடுத்தது, மூன்று லாங்கோரியாவின் ஒரே அடியில். ஒன்பதாவதில் இரண்டு அவுட்டான பிறகு, அந்த வருடம் அதுவரை .108 என்ற மோசமான சராசரி வைத்திருந்த டான் ஜான்சனை அனுப்பினார்கள். அவர் ஹோம் ரன் அடித்து ஆட்டத்தைச் சமமாக்கினார். பாஸ்டன்காரர் எழுந்து நின்றவர் உட்காரவே இல்லை. தன் ஆட்டக்காரர் அடித்த மூன்று ரன்னுக்குச் சந்தோஷப்படுவதா, தன் ஊருக்கு வந்த கேட்டுக்கு அழுவதா என்று தெரியாத முகம் அது. அப்படி ஒரு முகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

நள்ளிரவு நெருங்கும்போது பாப்பல்பான் வந்தார். பாஸ்டன் 3-2 முன்னிலை. இப்போது கணக்கைப் பாருங்கள். பாப்பல்பான் சேவ் எடுத்தால் பாஸ்டன்காரரின் ஊர் பிழைக்கும், ஆனால் பாதிக் கொடி எனக்கு வந்துவிடும். அவர் என் பக்கம் திரும்பி, "எடுத்துக்கொள்ளப்பா, பாதியைத் தருகிறேன், சந்தோஷமாகத் தருகிறேன்" என்றார். இரண்டு அவுட், பேஸில் ஆளில்லை, இன்னும் ஒரே ஒரு அவுட் போதும். என்னைவிட அவர்தான் சத்தமாகக் கத்தினார்.

பால்டிமோரின் கிறிஸ் டேவிஸ் ஒரு டபுள், அதாவது ஒரே அடியில் இரண்டாவது பேஸ். நோலன் ரைமால்ட் இன்னொரு டபுள், 3-3. சேவ் அந்த நொடியே போனது. அதை நான் சொல்லவில்லை, சொல்லும் தைரியம் வரவில்லை. அடுத்தது ராபர்ட் ஆண்டினோ. இடது பக்கம் தாழ்வாகப் போன பந்துக்கு பாஸ்டனின் கார்ல் கிராஃபோர்ட் சறுக்கி விழுந்தார், பந்து கையுறையில் நிற்கவில்லை. பாஸ்டன் தோற்றது.

பாஸ்டன்காரர் டிவியை அணைத்தார். லேப்டாப்பை மறந்துவிட்டார். மூன்று நிமிடம்கூட இருக்காது, அதிலிருந்து ஒரு கூச்சல். பன்னிரண்டாவது இன்னிங்ஸில் லாங்கோரியா இடது மூலைச் சுவருக்கு மேலே அடித்திருந்தார். டாம்பா 8-7. பாஸ்டனின் சீசன் முடிந்தது. அந்த ஹோம் ரன், அதுவரை இன்னொருவரோடு சமமாக இருந்த கணக்கில் பாஸ்டன்காரருக்கு மேலும் ஓர் அரைப் புள்ளி சேர்த்தது. 82-க்கு 81.

அந்த ஜூலையில் தூங்கிப் போன நண்பருக்கு விஷயமே தெரியாது. தன் பெயர் சேவ் கணக்கில் எனக்கு மேலே இருந்ததை நான் சொல்லித்தான் தெரிந்துகொண்டார். "நம்மகிட்ட க்ளோசர் யாரு இருந்தா?" என்று கேட்டார்.

ஓக்ரென்டின் அந்த முதல் லீக்கிலிருந்து ஒரு சடங்கு வந்தது. ஜெயித்தவர் தலையில் 'யூ-ஹூ' என்ற சாக்லேட் பானத்தை ஊற்ற வேண்டும். அடுத்த சனிக்கிழமை பார்க்கிங் மைதானத்தில் கூடினோம். இரண்டாம் இடத்துக்காரன் ஊற்றுவதுதான் எங்கள் வழக்கம், ஆகவே பாட்டில் என் கையில். பாஸ்டன்காரர் பாஸ்டன் தொப்பியோடு வந்து நின்றார். தொப்பியைக் கழற்றுங்கள் என்றேன். மாட்டேன் என்றார். "அதன் மேலேயே ஊற்று" என்றார்.

ஊற்றினேன்.