நான்கு மணிக்குப் பிறகு

அன்பார்ந்த நேயர்களே, வணக்கம்.

ஒன்றாம் வகுப்பில் காலடி வைக்கும் பிள்ளைக்கு எழுத்தும் எண்ணும் கற்றுத் தருவது தொடக்கப் பள்ளியின் கடமை. ஆனால் பசித்த வயிற்றில் பாடம் ஏறாது என்பதையும் தமிழ்நாடு வெகுகாலத்துக்கு முன்பே உணர்ந்திருக்கிறது. 1982-இல் சத்துணவுத் திட்டம் வந்தது. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம், மறு ஆண்டே மாநிலம் முழுவதும் உள்ள அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்தது. காலையிலும் மதியத்திலும் பிள்ளையைப் பள்ளி பார்த்துக்கொள்கிறது. மாலையில்தான் கைவிட்டுவிடுகிறோம்.

திருப்பூர் பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட், அதாவது ஏறக்குறைய பன்னிரண்டு மணி நேரம், வேலை பார்க்கும் தாய் வீடு திரும்ப இரவு எட்டரை, ஒன்பது ஆகிவிடும். பள்ளி விடுவதோ நான்கு மணி வாக்கில். இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, கயிற்றில் கோத்த வீட்டுச் சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வகுப்பில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். மதியத்துக்கு மேல் அவள் விரல்கள் அந்தச் சாவியையே தடவிக்கொண்டிருந்தன. பூட்டைத் திறக்க வேண்டும், தம்பியைக் கூட்டி வர வேண்டும், இருட்டும்வரை இருவரும் தனியே இருக்க வேண்டும். கரும்பலகையில் இருந்த கழித்தல் கணக்கு அவள் மனத்தில் எப்படி நிற்கும்?

மாலை நேரத்துக்கு நம்மிடம் நல்லதொரு முன்மாதிரி இருக்கிறது. கொரோனாவால் தொடக்கப் பள்ளிகள் ஒன்றரை ஆண்டுக்கும் மேல் மூடிக் கிடந்த பின், 2021 அக்டோபரில் 'இல்லம் தேடிக் கல்வி' என்ற அரசுத் திட்டம் தொடங்கியது. அந்தந்தத் தெருவில் வசிக்கும் பெண்களே பெரும்பாலும் தன்னார்வலர்கள். வீட்டுத் திண்ணையிலோ கோவில் வாசலிலோ பாய் விரித்து, மாலை ஐந்து மணிக்கு மேல் பாட்டும் கதையுமாகச் சொல்லிக் கொடுத்தார்கள். பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள் கற்றல் இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு சரியானது என்றும், அந்த மீட்சியில் ஏறத்தாழ கால் பங்குக்கு இந்த மாலை வகுப்புகளே காரணம் என்றும் கார்த்திக் முரளிதரன் உள்ளிட்ட பொருளியல் அறிஞர்களின் ஆய்வு சொல்கிறது.

அந்தப் பெண்களுக்குக் கிடைத்தது மாதம் 1,000 ரூபாய். அவர்களுடைய நல்ல மனத்தை நம்பியே ஓர் ஏற்பாட்டை ஆண்டுக்கணக்கில் ஓட்டுவது நியாயமில்லை.

நான் கேட்பது பள்ளியிலேயே மாலைப் பராமரிப்பு; இன்னொரு டியூஷன் அல்ல. காலையிலிருந்து உட்கார்ந்தே இருந்த பிள்ளையை மறுபடியும் வாய்ப்பாட்டின் முன் உட்கார வைப்பது கொடுமை. அவர்கள் முதலில் ஓடட்டும். ஒரு கிண்ணம் சுண்டல் சாப்பிடட்டும். பிறகு விருப்பமான கதைப் புத்தகத்தை எடுத்துப் படிக்கட்டும். வீட்டுப்பாடத்தில் சந்தேகம் வந்தால் கேட்பதற்கு ஒரு பெரியவர் அருகில் இருந்தால் போதும். கட்டடம், கழிப்பறை, தண்ணீர், சத்துணவுக் கூடம் எல்லாம் பள்ளியிலேயே இருக்கின்றன. அவற்றை ஏன் நான்கு மணிக்குப் பூட்டி வைக்க வேண்டும்?

கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர். அடுத்த கூட்டத்துக்குப் போகும்போது, தங்கள் ஊரில் எத்தனை பிள்ளைகள் மாலையில் தனியே இருக்கிறார்கள் என்று ஒரு பட்டியல் எடுத்துச் செல்லுங்கள். மாலைப் பராமரிப்பு வேண்டும், அதைப் பார்த்துக்கொள்பவருக்கு முறையான சம்பளம் வேண்டும் என்று தீர்மானம் போட்டு, வட்டாரக் கல்வி அலுவலருக்கு அனுப்பி வையுங்கள்.

நன்றி, வணக்கம்.