சென்னைக்கு அழகு பழமையே!

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். சென்னைக்கு அழகு புதுமையே என்று வாதிட்ட எதிரணித் தோழர் கண்ணாடிக் கோபுரங்களையும் 2015இல் ஓடத் தொடங்கிய மெட்ரோவையும் அடுக்கினார். மெட்ரோ வசதியானதுதான், மறுக்கவில்லை. ஆனால் இன்றைய வழக்கு அழகைப் பற்றியது. கடலோர ஊரில் எது அழகாக இருந்தாலும் உப்புக்காற்றைத் தாங்கி நின்றாக வேண்டும் ஐயா!

புனித ஜார்ஜ் கோட்டைக்குள் போய் 1680இல் திறந்த புனித மேரி ஆலயத்தைப் பாருங்கள். சுவர் நாலடி கனம். மேலே இரண்டடி கனத்தில் செங்கல் வளைவுக் கூரை. பீரங்கிக் குண்டுக்குப் பயந்து அப்படிக் கட்டினார்கள். இன்றைய கான்கிரீட்டில் உப்பு உள்ளே இறங்கினால் கம்பி துருப்பிடிக்கும். துரு உப்பி, காரையைப் பிளந்து தள்ளும். அந்தக் கூரையில் துருப்பிடிக்கக் கம்பியே இல்லையே!

பழைய மெட்ராஸின் சுண்ணாம்புப் பூச்சைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. கிளிஞ்சல் சுண்ணாம்பும் மணலும் கலந்து அடிப்பூச்சு. அது இறுகியபின் இன்னும் நைசான பூச்சு. கடைசிப் பூச்சில் முட்டை வெள்ளைக்கருவும் சேரும். பிறகு வழவழப்பான கல்லால் தேய்க்கத் தேய்க்கப் பளிங்குபோல் மின்னும்.

"பழைய கட்டடம் எல்லாம் உதிர்கிறதே" என்றார் தோழர். ஏன் உதிர்கிறது? பல இடங்களில் சுண்ணாம்புச் சுவர்மேல் சிமெண்ட் பூசிவிட்டார்கள். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விடும். சிமெண்ட் அந்த வழியை அடைத்துவிடும். உள்ளே தேங்கிய உப்பு பூத்து, பூச்சைப் பாளம் பாளமாகத் தள்ளும். சிமெண்டைக் கொத்தி எடுத்து, செங்கல் இடுக்கைச் சுத்தம் செய்து, நனைத்து, சுண்ணாம்பையே மெல்லிய பூச்சுகளாக ஏற்றுங்கள். ஒவ்வொரு பூச்சும் இறுகும்வரை ஈரம் காயவிடாதீர்கள். அவசரப்பட்டுக் கனமாக அப்பினால் வெடிக்கும். புதுமை செய்த கோளாறுக்குப் பழமையைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றலாமா?

"மாலையில் குடும்பத்தோடு காற்று வாங்க மெரினா இருக்கிறதே" என்று புதுமைக் கணக்கில் அதையும் சேர்த்தார். அந்த மணல் யார் தந்தது? ஆண்டின் பெரும்பகுதி மணல் இந்தக் கரையோரம் தெற்கிலிருந்து வடக்கே நகரும். 19ஆம் நூற்றாண்டில் துறைமுகச் சுவர் குறுக்கே எழுந்ததும் தெற்கே மணல் ஒதுங்கியது, மெரினா அகன்றது. வடக்கே ராயபுரம் பக்கம் கரை அரித்ததையும் நாங்கள் மறைக்கவில்லை. மெரினா மணலைப் பழமையின் கணக்கில் எழுதிக்கொண்டு தீர்ப்புச் சொல்லுங்கள், நடுவர் அவர்களே. நன்றி.